உங்கள் ஆய்வு கடிதத்தின் மூன்றாம் பத்தியில் இருக்கிறது

கேள்வி: கடலூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உயிர்வேதியியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். கணையப் புற்றுநோய் பற்றிப் புதுமையான ஆய்வு செய்ய நிதி கேட்டு ஒரு முன்மொழிவை இரண்டு முறை அனுப்பினேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் படரும் அடும்பங்கொடியின் இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள் தயாரித்து, கணையப் புற்றுச் செல்கள் மீது சோதிப்பது என் திட்டம். 48 லட்சம் ரூபாய் கேட்டிருந்தேன். ‘புதுமை போதாது; முதற்கட்டத் தரவு இல்லை’ என்ற குறிப்போடு இரண்டு முறையும் திரும்பிவிட்டது.

நிதி கொடுத்தால்தானே தரவு வரும்? தரவு இருந்தால்தான் நிதி என்றால் எங்களைப் போன்ற சிறிய கல்லூரிக்காரர்கள் எங்கே போவது? இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரிய பணமா?

இந்த நோயை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் பெரியப்பா. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்தார். 61 வயதில் ஒரு முகாமில் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்டார், சோற்றைக் குறைத்தார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தார். ‘நல்ல கட்டுப்பாடு’ என்று நாங்கள் எல்லோரும் பாராட்டினோம். எட்டாவது மாதம் மஞ்சள் காமாலை வந்தது. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலுக்குப் பரவியிருந்தது. பத்து வாரத்தில் போய்விட்டார். அவருக்காக ஏதாவது செய்ய வேண்டும். வழி சொல்லுங்கள்.

– கடலூர் வாசகி

பதில்:

அன்புள்ள பேராசிரியைக்கு,

உங்கள் பெரியப்பாவைப் பற்றிய பத்தியைப் பலமுறை படித்தேன். முப்பது ஆண்டுகளாகப் புதுச்சேரியில் இரைப்பை, குடல், கணைய அறுவை மருத்துவனாக வேலை பார்க்கிறேன். அந்த வேட்டியை நானும் பார்த்திருக்கிறேன். ஒருவர் அரைஞாண் கயிற்றை மூன்று முறை சுருக்கிக் கட்டியதாகச் சொல்வார். இன்னொருவர் பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டு வந்திருப்பார். ‘சர்க்கரை எத்தனை வருடமாக?’ என்று கேட்டால், ‘போன தீபாவளிக்குப் பிறகுதான்’ என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆராய்ச்சி நல்கைக்கு வரும் முன்மொழிவுகளை மதிப்பிடும் வேலையையும் சில ஆண்டுகள் செய்திருக்கிறேன். அந்த மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில், முதலில் வலிக்கக்கூடிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முன்மொழிவு என்னிடம் வந்திருந்தாலும் நான் மறுத்திருப்பேன்.

தாவரச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்து புற்றுச் செல்கள் மீது ஊற்றும் ஆய்வுகள் நம் மாநிலத்துக் கல்லூரிகளில் ஏராளம். இலை மாறும், செல் வகை மாறும், முடிவு மாறாது: செல்கள் சாகும். தட்டில் வளரும் செல்லைக் கொல்வது கடினமன்று. கணையப் புற்றுநோயின் கொடுமை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கட்டியின் பெரும்பகுதி புற்றுச் செல்லே இல்லை. அடர்ந்த நார்த்திசு கோட்டைச் சுவர் போலச் சுற்றி நிற்கும். ரத்த நாளங்கள் நசுங்கிக் கிடக்கும். ரத்தத்தில் செலுத்திய மருந்து உள்ளே போய்ச் சேருவதே பெரும்பாடு. உங்கள் அடும்பு இலைத் துகள் அந்தச் சுவரை எப்படிக் கடக்கும் என்பதற்கு முன்மொழிவில் ஒரு வரிகூட இல்லை என்பது என் ஊகம். மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். 48 லட்சத்தில் பாதிக்கு மேல் ஒரே கருவிக்குக் கேட்டிருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். முதல் நல்கை கேட்கும் பலர் செய்யும் தவறு அது. கேள்வி சிறியதாகவும் கருவி பெரியதாகவும் இருந்தால், ஆய்வுக்காகக் கேட்கிறீர்களா, ஆய்வகத்துக்காகக் கேட்கிறீர்களா என்ற ஐயம் வந்துவிடும்.

இப்போது உங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்திக்கு வருகிறேன். நீங்கள் அதைக் குடும்பச் சோகமாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் ஓர் ஆய்வுக் கேள்வி முழுதாக இருக்கிறது.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் வந்து, கூடவே உடம்பு இளைப்பது கணையப் புற்றுநோயின் முன்னறிகுறியாக இருக்கலாம். கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது சர்க்கரையைக் குலைத்துவிடுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மேயோ கிளினிக்கின் சுரேஷ் சாரியும் அவர் குழுவினரும் ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட 2,122 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுக்குள் அவர்களில் 18 பேருக்குக் கணையப் புற்றுநோய் வந்திருந்தது. 2005-இல் இது வெளிவந்தது. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்த வயதில் பொதுவாக எதிர்பார்க்கும் அளவைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். புதிதாகச் சர்க்கரை வந்த நூறு பேரில் 99 பேருக்குக் கணையத்தில் புற்று கிடையாது. பயந்து ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள். ஆனால் ஐம்பதைத் தாண்டியபின் புதிதாகச் சர்க்கரை வந்து, முயற்சி எடுக்காமலே எடை குறைந்துகொண்டே போனால், அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். எடை குறைவதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த 99 பேரிடமிருந்து ஒருவரைப் பிரித்தெடுப்பது எப்படி? இதுதான் இன்று உலகம் பணம் கொட்டும் கேள்வி. 2013 ஜனவரியில் அமெரிக்காவில் ‘அடங்காத புற்றுநோய்களுக்கான ஆராய்ச்சிச் சட்டம்’ கையெழுத்தானது. அதன்படி அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2014-இல் கணையப் புற்றுநோய்க்கு ஓர் ஆராய்ச்சித் திட்ட வரைவை வெளியிட்டது. அதில் நான்கு முன்னுரிமைகள். முதலில் வருவது, புதிதாக வரும் சர்க்கரை நோய்க்கும் கணையப் புற்றுக்கும் உள்ள உறவு. புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள் 10,000 பேரைச் சேர்த்துப் பின்தொடரும் ஆய்வு ஒன்றும் அங்கே அரசு நிதியில் தொடங்கப்பட்டது. அடும்பு இலையை நீங்கள் தேடிப் போனீர்கள். இந்த முதல் முன்னுரிமையோ உங்கள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

புதுமை என்ற சொல்லைப் பற்றி என் கருத்தைச் சொல்ல வேண்டும். நல்கை கேட்பவர்கள் புதுமை என்றால் புதுப் பொருள் என்று நினைக்கிறார்கள். மதிப்பிடுபவர்கள் புதுக் கேள்வியைத் தேடுகிறார்கள். கணையப் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களிடம் கே-ராஸ் என்ற மரபணு பழுதாகியிருக்கும். ராஸ் மரபணுக்களுக்கும் மனிதப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1982-இலேயே தெரியும். கே-ராஸ் உருவாக்கும் புரதத்தின் மேற்பரப்பு வழவழவென்று இருக்கிறது, மருந்து ஒட்ட இடமில்லை என்று சொல்லி முப்பது ஆண்டுகள் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2013-இல் அமெரிக்க ஆய்வாளர் கெவன் ஷோகாட்டின் குழுவினர், பழுதான ஒரு வடிவத்தில் மட்டும் ஒளிந்திருந்த சிறு பள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். 2021-இல் அந்த வழியில் முதல் மருந்து நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லோரும் ‘இடமில்லை’ என்று முடித்துவிட்ட இடத்தில் மறுபடியும் தேடியதுதான் அங்கே புதுமை.

நம் பக்கத்திலும் அப்படி நடந்திருக்கிறது. வெப்பமண்டல நாடுகளில் கணையத்தில் கல் சேரும் அழற்சி நோய் ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதை நிறையப் பார்த்திருக்கிறோம். சாரி, மோகன், பிச்சுமணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்நோயாளிகள் 185 பேரைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இறந்த 24 பேரில் ஆறு பேர் கணையப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். 1994-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அங்கே விலையுயர்ந்த கருவி எதுவும் பேசவில்லை. யார் வந்தார், யார் திரும்ப வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒருவர் விடாமல் எழுதி வைத்தார்கள். மின்னசோட்டா ஆய்வை நடத்திய சாரியும் இந்தச் சாரியும் ஒருவரே.

இனி உங்கள் கேள்வி எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் யாருக்குக் கணையப் புற்று இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணிக்க, மேயோ குழுவினர் 2018-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். அதற்குத் தேவை மூன்றே தகவல்கள்: நோயாளியின் வயது, ஓராண்டில் எடை எவ்வளவு மாறியது, ஓராண்டில் ரத்தச் சர்க்கரை எவ்வளவு மாறியது. எளிதாகத் தெரிகிறது அல்லவா? கடலூர் மாவட்டத்தில் இதைக் கணக்கிட முயன்று பாருங்கள். போன வருட எடை எங்கே இருக்கிறது? போன வருடச் சர்க்கரை அளவு எழுதிய சீட்டு எங்கே? தவிர, அந்த மதிப்பெண் மின்னசோட்டா மக்களிடம் அளந்தது. நம்மவர்களுக்குச் சர்க்கரை இளம் வயதிலேயே வருகிறது. ஒல்லியான உடம்பிலும் வருகிறது. அங்கே தைத்த சட்டை இங்கே பொருந்துமா?

இதுதான் உங்கள் ஆய்வு. ஐம்பது வயதைக் கடந்து புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்களில், ஓராண்டு இடைவெளியில் எடையும் சர்க்கரையும் இரண்டு முறை பதிவான நிலை எத்தனை பேருக்கு இருக்கிறது? பதிவு இருந்தால் அந்த மதிப்பெண் நம் மக்களிடம் எப்படி நடந்துகொள்கிறது? தமிழ்நாட்டில் இதைக் கேட்க ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். எந்தப் பதிவேட்டில் எடைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அந்தக் கட்டம் நிரப்பப்படுகிறதா, காலியாக விடப்படுகிறதா என்பதே உங்கள் முதல் கண்டுபிடிப்பாக அமையலாம். காலி என்று தெரிந்தால் அதுவும் முடிவுதான். எடைக் கட்டத்தை நிரப்பினால் போதும் என்ற நிலைக்கு ஒரு மாவட்டத்தைக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா?

ஒரு எச்சரிக்கை. முன்மொழிவில் ‘புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிப்போம்’ என்று எழுதிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 பேரைச் சேர்த்து மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தாலும், மின்னசோட்டா விகிதப்படி இரண்டு மூன்று பேருக்குத்தான் நோய் வரும். அதை வைத்து எந்தச் சோதனையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. மதிப்பீட்டாளர் இந்தக் கணக்கை இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார். அதனால் நீங்களே முதல் பக்கத்தில் போட்டுக் காட்டிவிடுங்கள். ‘இந்த முதல் நல்கையில் நாங்கள் ஆராய்வது சாத்தியத்தை, இவர்களைச் சேர்க்க முடியுமா, மூன்று ஆண்டு விடாமல் பார்க்க முடியுமா என்பதை’ என்று நேராக எழுதுங்கள். வாக்குறுதியைச் சுருக்கி எழுதுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

தரவு இல்லாமல் நிதி இல்லை, நிதி இல்லாமல் தரவு இல்லை என்ற உங்கள் கோபம் நியாயமானது. எனக்கும் இது நடந்திருக்கிறது. நிதி தரும் ஓர் அமைப்பு என் முன்மொழிவை மூன்று முறை திருப்பியது; மூன்றாம் முறை ஒரு வரி விளக்கம்கூட இல்லை. அந்த ஆண்டு முழுக்க மனம் கசந்து கிடந்தேன். பிறகு ஒரு பயிற்சி மருத்துவரும் நானும் பழைய கேஸ் கட்டுகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் பார்த்துத் தயாரித்த ஒரே ஒரு அட்டவணைதான் நான்காம் முறை கதவைத் திறந்தது. முதற்கட்டத் தரவு என்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

உங்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். என்று நாம் சொல்லும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மருத்துவ மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை தருகிறது. இரண்டு மாத வேலை. சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவமோ சமுதாய மருத்துவமோ கற்பிக்கும் ஒருவரைப் போய்ப் பாருங்கள். அவருடைய மாணவர் ஒருவர் நூறு பதிவுகளை எடுத்து, எடை எத்தனையில் இருக்கிறது என்று எண்ணினால் போதும். அதுவே உங்கள் அட்டவணை. உங்கள் கல்லூரி மாணவர்களுக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் செயல்திட்ட உதவி இருக்கிறது. தொகை சிறியது, ஆனால் எழுதிப் பழகவும் கணக்குக் காட்டிப் பழகவும் உதவும். பணத்தை எப்படிச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை நாள் தவறாமல் கொடுத்த அனுபவம் அடுத்த நல்கைக்கு நல்ல சாட்சி.

அட்டவணை கையில் வந்தபின் ஐ.சி.எம்.ஆர். வெளி நிறுவன ஆய்வாளர்களுக்குத் தரும் நல்கைகளுக்குப் போங்கள். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. பழைய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் அதற்குள் இணைந்துவிட்டது. ஐ.சி.எம்.ஆர். 2024-இல் ‘உலகில் முதன்முதல்’ என்ற அறைகூவலை விடுத்து, தோற்கும் வாய்ப்பு அதிகமான துணிச்சலான யோசனைகளைக் கேட்டது. பெயரைப் பார்த்ததும் ஆசை வரும். இப்போதைக்கு அது உங்களுக்கு வேண்டாம். உயிர்த்தொழில்நுட்பத் துறையின் பைராக் அமைப்பு 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை தரும் தொடக்க நல்கை, விற்பனைக்குப் போகக்கூடிய பொருளை உருவாக்குபவர்களுக்கானது. பரிசோதனைக் கிட் ஒன்று உங்கள் கையில் உருவானால் அப்போது பார்க்கலாம்.

வெளிநாட்டில் இந்த நோய்க்கென்றே நிதி திரட்டும் அமைப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் லஸ்ட்கார்டன் அறக்கட்டளை, 1999-இல் தொடங்கிய பேன்கேன், பிரிட்டனில் பான்கிரியாடிக் கேன்சர் யூ.கே. முதல் தரவு இல்லாத பச்சை யோசனைக்குச் சிறு தொகை கொடுத்து, அதில் கிடைத்ததை வைத்து அரசிடம் பெரிய தொகை கேட்க வழி செய்வது அவர்கள் செய்யும் நல்ல காரியம். நம் நாட்டில் இந்த நோய்க்கு அப்படி ஓர் இயக்கம் வேண்டும் என்று பல மேடைகளில் கேட்டிருக்கிறேன், இங்கும் கேட்கிறேன். 2022-இல் உலகில் ஏறத்தாழ 5 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் 4 லட்சத்து 67 ஆயிரம் பேர் இதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்கும் நோய்கள் குறைவு. பிழைத்தவர்கள் திரண்டு வந்து கேட்டால்தான் நிதி வரும். இந்த நோயில் வந்து கேட்க ஆட்கள் மிஞ்சுவதில்லை. அந்த வெளிநாட்டு அமைப்புகளின் பணத்தை நேரடியாக எதிர்பார்த்து நேரத்தைச் செலவிடாதீர்கள். பெரும்பாலானவை தங்கள் நாட்டு ஆய்வாளர்களுக்கே தருகின்றன. வெளிநாட்டுப் பணம் வந்தால் நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு, சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் அனுமதி என்று தனிப் பாதை இருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமா என்று கேட்டீர்கள். அவர்களுக்குச் சாதகம் உண்டு, மறைக்க மாட்டேன். அறநெறிக் குழு, புள்ளியியலாளர், கணக்குப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். உங்கள் கல்லூரியில் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவுபெற்ற அறநெறிக் குழு இருக்காது. அது இல்லாமல் ஒரு நோயாளியின் பதிவைக்கூடத் தொடக் கூடாது. அதனால் சிதம்பரத்தில் ஒரு மருத்துவர் இணை ஆய்வாளராக வேண்டும். புதுச்சேரியில், ஜிப்மரில் இன்னொருவர் வேண்டும். இரண்டாமவர் ஏன் என்று கேட்டால், உங்கள் பெரியப்பாவையே பாருங்கள். சர்க்கரை கண்டது பண்ருட்டியில், கட்டி கண்டது புதுச்சேரியில். பெண்ணையாற்றைக் கடந்து முள்ளோடை எல்லைக்கு வந்தால் வேறு அரசு, வேறு பதிவேடு. நோயாளி ஒரே பஸ்ஸில் வந்துவிடுகிறார். அவருடைய காகிதம் வருவதில்லை. இந்த இரண்டு பதிவையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஆய்வை, எல்லையின் இரு பக்கமும் உறவு வைத்திருக்கும் கடலூர்க்காரர்தான் செய்ய முடியும். மும்பையில் இருப்பவருக்கு முள்ளோடை என்ற பெயரே தெரியாது. இதை முன்மொழிவில் தனிப் பத்தியாக எழுதுங்கள். ‘ஏன் இந்த இடத்தில், ஏன் இந்த ஆய்வாளர்’ என்ற கேள்விக்கு இதைவிட வலுவான பதில் எந்தப் பெரிய நிறுவனத்திடமும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவுகளுக்குச் சென்னையில் பொது சுகாதார இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். தாமதமாகும், இப்போதே விண்ணப்பியுங்கள்.

செலவுத் தாளில் கருவியை அடித்துவிடுங்கள். வேண்டியவை கள உதவியாளர் ஒருவர், நம்பகமான எடை இயந்திரங்கள், பயணப்படி, ரத்த மாதிரியைக் குளிரில் வைக்க மருத்துவக் கல்லூரியில் ஓர் ஏற்பாடு. அந்த மாதிரிகள் உங்கள் உயிர்வேதியியலுக்கான இடம். இன்று நாம் பார்க்கும் சி.ஏ. 19-9 என்ற ரத்தக் குறியீடு ஒரு பகுதி மக்களின் உடம்பில் பிறவியிலேயே உருவாவதில்லை. அவர்களுக்கு நோய் முற்றினாலும் அது ஏறாது. அதைவிட நல்ல குறியீட்டைத் தேடும் நாளில், சர்க்கரை கண்ட முதல் மாதத்திலேயே எடுத்து வைத்த நம் ஊர் ரத்தம் 300 குப்பிகளில் இருந்தால் உங்களைத் தேடி வருவார்கள்.

முதல் பக்கத்தை எழுதி அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். அதற்கு முன் ஒரு வேலை. பெரியம்மாவிடம் சொல்லி, அந்த முகாமில் பெரியப்பாவுக்குக் கொடுத்த சீட்டைத் தேடி எடுங்கள். சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் எடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.